நடுவிலிருந்து முறுக்க வேண்டும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் மகள் போன் செய்தாள். “அப்பா, வண்டிலருந்து பொக பொகயா வருது” என்றாள். அதோடு கட் ஆனது. திரும்ப அடித்தால் சுவிட்ச் ஆஃப். கம்பெனியில் கேட் பாஸ் எழுதி வாங்கி, பைக்கை எடுத்துக்கொண்டு, ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் அவளைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தில் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத மாட்டேன். உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கலாம்.

வல்லக்கோட்டைத் திருப்பத்துக்குச் சற்று முன்னால், ஓரத்து மண்ணில் கார் நின்றது. அதன் நிழலில் உட்கார்ந்து அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். “ஏம்ப்பா இப்பிடி மூச்சு வாங்குற? நின்னுபோனது வண்டி. நான் இல்ல.”

கட்டிக்கொள்ள வேண்டிய நேரத்தில் திட்டினேன். அவள் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போக வேண்டாம், கார்தான் பத்திரம் என்று தண்டலத்தில் இருக்கும் கல்லூரிக்கு இந்தக் காரைக் கொடுத்து அனுப்பியவனே நான்தான். இனி கொடுக்கப்போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் அங்கேயே வரவழைத்த மெக்கானிக் ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ஹெட் கேஸ்கெட் பூட்ச்சி சார். இந்த மாடலே நிறுத்தி எத்தினி வருசம் ஆவுது! கேஸ்கெட்டு எங்க கீது? பேசாம காயலாங்கடைல போட்டுட்டு வேற வேலயப் பாருங்க.”

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்ஜினின் அடிப்பாகத்துக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். ஆயிலுக்கு ஓட்டை, தண்ணீருக்கு ஓட்டை, பிஸ்டனுக்குப் பெரிய வட்டங்கள். ஆயிலையும் தண்ணீரையும் சேரவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. சண்டைக்காரச் சம்பந்திகள் நடுவே பந்தியில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா போல. அவர் எழுந்து போனால் தெரியும்.

பானெட்டுக்குள்ளிருந்து வந்த தித்திப்பான, கரிந்த வாசனை எனக்குப் புதிதல்ல. இதே காரில், ஏறக்குறைய இதே இடத்தில், முன்பும் ஒருமுறை அதை முகர்ந்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கார் எங்கள் அறையின் சொந்தக்காரர் ஏழுமலை அண்ணனுடையது.

அவர் உள்ளூர் விவசாயி. மாட்டுக்கொட்டகையை இடித்து ஆறு அறை கட்டி, தெற்கிலிருந்து ஆலை வேலைக்கு வந்த எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கார் அவருக்குக் காராகவே இல்லை. விதைநெல், உரமூட்டை, ஒருமுறை ஒரு கன்றுக்குட்டிகூட அதில் பயணம் செய்தது. ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர்: தூத்துக்குடிப் பக்கத்து அந்தோணி, சங்கரன்கோவில் செல்வம், சாத்தூரிலிருந்து நான். மூவருக்கும் இன்ஜின் லைனில் வேலை. கேஸ்கெட் போய்விட்டது என்று ஏழுமலை அண்ணன் தலையில் கைவைத்தபோது, “நாங்க எதுக்கு இருக்கோம்ணே!” என்று மார்தட்டியதும் அதனால்தான்.

எங்கள் நிபுணத்துவத்தைக் கேளுங்கள். அந்தோணி ஒரு ஷிஃப்ட் முழுவதும் கேஸ்கெட்டை எடுத்து இன்ஜின்மேல் வைப்பான். ஒன்று வைத்தால் அடுத்தது வரும். செல்வம் ஹெட்டை முறுக்கும் மிஷினில் நிற்பான். நான் ரப்பர் குழாய்களுக்குக் கிளிப் மாட்டுவேன். முழு இன்ஜினை எங்களில் ஒருவனும் பிரித்ததில்லை. மூவரும் சேர்ந்தால் ஒரு மெக்கானிக் ஆகிவிடுவோம் என்று கணக்குப் போட்டோம்.

பழைய கேஸ்கெட்டைத் தினத்தாளில் சுற்றிக்கொண்டு, சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்கு பஸ்ஸில் போனோம். அளவு எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர்கள் திரும்பியே பார்க்க மாட்டார்கள். பழசைக் காட்ட வேண்டும். அதன்மேல் புதுசை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஏழாவது கடையில், ஆணியில் மாலை போலத் தொங்கியவற்றுள் ஒன்று பொருந்தியது. அந்தோணி அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, “எல, எல்லாத்துலயும் சூரியன் தெரியிதுல!” என்று கத்தியது இன்னும் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. மற்ற அறைக்காரர்களெல்லாம் பல் துலக்கிக்கொண்டே சுற்றி நின்றார்கள். பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்த இடத்தைப் பிளேடால் சுரண்டினோம். அந்தோணி புதுசை வைத்தான்; அதைக் குறைசொல்ல முடியாது. ஹெட்டை இரண்டு பேர் பிடித்து நேராக இறக்கினோம். பிறகு செல்வம் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்பேனரோடு வந்தான். முறுக்குவது அவன் இலாகா. இடது ஓரத்தில் ஆரம்பித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக, பல்லைக் கடித்து, பத்தாவது போல்ட் வரை இறுக்கினான். கிளிப் மாட்டியது நான். இன்ஜின் ஒரே உதறலில் பிடித்தது. ஏழுமலை அண்ணன் தேங்காய் உடைத்து, “ஏறுங்கபா, முருகனப் பாத்துட்டு வந்துருவோம்” என்றார்.

வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டோம். திரும்பும்போதுதான் புகை. குச்சியை உருவினால் ஆயில் பழுப்பு நிறத்தில் நுரைத்திருந்தது. ஏழுமலை அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தார்.

“இன்னாபா இது? இஞ்சின்ல டீ போட்டு வச்சிக்கீறீங்க?”

“சக்கர பத்தலண்ணே” என்றான் அந்தோணி. அவரே சிரித்துவிட்டார்.

மறுவாரம் புதுப்பேட்டைக் கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். “எங்கேந்து முறுக்குனீங்கோ?” என்று கேட்டார். “மொத போல்ட்டுலருந்து” என்றான் செல்வம். அவர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். ஹெட்டை நடுவிலிருந்துதான் முறுக்க வேண்டுமாம். நடுவில் இரண்டு, பிறகு அதன் இருபுறமும், அப்படியே ஓரம் வரை. அதுவும் ஒரே மூச்சில் அல்ல, மூன்று சுற்றாக. செல்வத்தின் மிஷின் பத்து போல்ட்டையும் ஒரே நேரத்தில் முறுக்கும். இரண்டு கையாலும் இரண்டு பச்சைப் பொத்தானை அமுக்குவதுதான் அவன் வேலை. ஆயிரக்கணக்கான ஹெட்டுகளை முறுக்கியவனுக்கு, போல்ட்டுக்கு முன்பின் உண்டு என்பதே தெரிந்திருக்கவில்லை. எங்களுக்கும்தான்.

இன்னொரு கேஸ்கெட் வாங்கி வந்து, இரண்டாவது ஞாயிறு ஹெட்டின்மேல் சாக்பீஸால் எண் எழுதி முறுக்கினோம். அதற்குப் பிறகு போன மாதம் வரை அந்தக் கார் நின்றதில்லை. எனக்குக் கல்யாணமானபோது ஏழுமலை அண்ணன் அதை எனக்கே தந்துவிட்டார். மகளைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதில்தான். பழைய இரும்புக்குப் போடும் காயலாங்கடையை மெக்கானிக் சொன்னபோது எனக்கு ஏன் சுருக்கென்றது என்று இப்போது புரிந்திருக்கும்.

சுற்றிலும் நாள் முழுக்கப் புதுக் கார்கள் பிறந்துகொண்டிருக்கும் ஊரில், ஒரு பழைய காருக்குத் தகடு தேடி மூன்று வாரம் அலைந்தேன். இணையத்தில் வரவழைத்தது அச்சு அசல் அதே போல இருந்தது. ஜன்னலில் பழசோடு சேர்த்துப் பிடித்தால், ஒரு தண்ணீர் ஓட்டையில் மட்டும் வெளிச்சம் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மகள், “ஒரு ஓட்டைதானேப்பா, டிரில் போட்டுக்கலாம்” என்றாள். செல்வத்தின் வாரிசு! மறுபடி புதுப்பேட்டை போய்த்தான் கிடைத்தது.

ஹெட் சூட்டில் வளைந்திருந்ததால் லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தி வாங்கினேன். அதை இறக்க இரண்டு பேர் வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு குரல் கொடுத்தால் ஆறு அறைகளிலிருந்தும் ஈரத்தலையோடு ஓடி வருவார்கள். அந்தோணி கப்பல் வேலைக்குப் போனான். ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குப் பிறகு தகவல் இல்லை. செல்வத்தின் எண்ணை அடித்தால் யாரோ ஒரு பெண் இந்தியில் பேசுகிறார். ஏழுமலை அண்ணன் இல்லை. அந்த ஆறு அறைகள் இருந்த இடத்தில் கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன. இப்போது நான் இருக்கும் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஷிஃப்ட் என்றுகூடத் தெரியாது.

“நான் பிடிக்கிறேன், தள்ளு” என்று மகள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் இறக்கினோம். நடுவிலிருந்து, மூன்று சுற்று. முறுக்கியது அவள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நான் “பாத்து, பாத்து” என்றதில் எரிச்சலாகி, “என்னப் பாக்கறியா, போல்ட்டப் பாக்கறியா?” என்றாள்.

ஒரு வாரம் நானே ஓட்டினேன். சூடு காட்டும் முள் ஏறவில்லை, ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. சாவியைக் கொடுக்காமலிருக்க இன்ஜினில் காரணம் எதுவும் மிச்சமில்லை. நேற்றுக் காலை மேஜைமேல் வைத்தேன். அவள் எடுத்துக்கொண்டு, போனுக்கு முழு சார்ஜ் இருப்பதைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போனாள்.

போய்ச்சேர்ந்துவிட்டதாக அவள் போன் செய்யும் வரை வாசலிலேயே நின்றேன். புகை வந்த அன்று அவ்வளவு நேரம் தனியாக இருந்தாயே, யாரும் வண்டியை நிறுத்தி உதவவில்லையா என்று அவளிடம் கேட்டிருந்தேன். “நிறுத்த இடம் எங்கப்பா இருக்கு? பின்னாடி இடிச்சிருவான்” என்றாள். அவள் சொன்னது சரிதான்.

நாங்கள் இன்ஜினில் டீ போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, காரை ஊர் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தோம். ஓரமாக அல்ல, சாலையின் நடுவில். ஏழுமலை அண்ணன் ஸ்டியரிங்கில். மேட்டில் ஏற முடியாமல் மூச்சுத் திணறி நின்றபோது பின்னால் ஒரு பஸ் வந்தது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை, ஏழெட்டுப் பேர் இறங்கி வந்து கைவைத்தார்கள். கண்டக்டரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டே தள்ளினார். மேடு தாண்டியதும் கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பி ஓடினார்கள். நன்றி சொல்லத் திரும்பினேன். அதற்குள் கார் இறக்கத்தில் உருள ஆரம்பித்திருந்தது. அதன் பின்னால் ஓட வேண்டியதாகிவிட்டது.