கிழவனின் பங்கு

"என்ன கிழவா, சௌக்கியமா?"

பழுது பார்த்து முடித்த லிஃப்டில் ஏறி, கதவு மூடியதும் எதிர்க் கண்ணாடியைப் பார்த்து மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி இது. ஒருமுறை ஆறாவது மாடியில் கதவு திறக்க, வெளியே நின்ற அம்மையார் உள்ளே எட்டிப் பார்த்து, "யார்கிட்ட பேசறீங்க?" என்றார்.

"சொந்தக்காரன்தாங்க. இன்னும் எட்டு வருஷத்துல வீட்டுக்கு வர்றான்."

மெக்கானிக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊரையே மேலே ஏற்றிவிடும் மனிதருக்கு வாய்த்தது என்னவோ படிக்கட்டுதான். லிஃப்ட் நின்றுபோனால்தானே அவரைக் கூப்பிடுகிறார்கள்! கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முப்பது வருஷம் உச்சி மாடி மோட்டார் அறைவரை ஏறியதில் வலது முட்டி தேய்ந்துவிட்டது. அவர் வருவதை இப்போது முட்டிச் சத்தமே முன்கூட்டி அறிவித்துவிடும்.

அந்தக் கண்ணாடிக் கிழவனை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தது அம்மா. ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர். மகன் முதல் சம்பளத்தில் தனக்கு ஷூவும் அம்மாவுக்குக் கைக்கடிகாரமும் வாங்கி வந்தபோது, கடிகாரத்தைக் கட்டி அழகு பார்த்துவிட்டு, "சரி, கிழவனுக்கு என்ன வாங்கின?" என்று கேட்டார். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. எந்தக் கிழவன் என்று புரியாமல் மகன் திருதிருவென்று விழித்தார்.

"அறுபது வயசுல ஒருத்தன் வந்து நிப்பான்டா. உன் மூக்கு, உன் முழி. வேலை செய்ய முடியாது, பசி மட்டும் நல்லா எடுக்கும். அவனுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

மறுமாதத்திலிருந்து முதல் பங்கு கிழவனுக்கு. ஓய்வூதிய நிதியில் அதைப் போட்ட பிறகுதான் வாடகையும் மளிகையும். பைக் ஆசை பிடித்து ஆட்டியபோதும், கடை வைக்கப் பணம் கேட்டு மைத்துனர் நடையாய் நடந்தபோதும் அவர் மசியவில்லை. "என் காசா இருந்தா குடுத்துடுவேன் மாப்ளே. இது கிழவன் காசு" என்று கையை விரித்துவிட்டார்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது. அடுத்த தெருவில் ஓர் அறையில், யார் கையையும் எதிர்பார்க்காமல் ராணி மாதிரி இருக்கிறார். புதுப் போர்வை வாங்கினால்கூட, "அந்த லாண்டரிக்காரி தங்கமானவ. எனக்கு ஒரு குறையும் வெக்கலை" என்று சலவைப் பிரிவில் உழைத்த தன் இளவயதைத் தானே மெச்சிக்கொள்வார்.

போன வாரம் டாக்டர் முட்டிப் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உடனே ஆபரேஷன், இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் நடப்பதே பெரும்பாடு. செலவுக்குக் கிழவனின் நிதியை விட்டால் வழியில்லை. ஒரு விண்ணப்பம் கொடுத்தால் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். மெக்கானிக் ஒரேயடியாக மறுத்துவிட்டார். கத்திக்குக்கூட அவர் பயப்படவில்லை. முப்பது வருஷம் காத்த வாக்கு போய்விடுமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அம்மா முதுகைத் தட்டிக் கொடுப்பார் என்று நம்பிப் போய்ச் சொன்னார்.

"அட மக்கு! காசை மூட்டையாக் கட்டிக் குடுத்துட்டு, கூடவே ஒடிஞ்ச காலையும் குடுப்பியா அவனுக்கு?"

"அவன் காசும்மா. கேக்காம எப்படித் தொடறது?"

"அப்ப கேளு."

இன்று காலை பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை முடிந்தது. கதவு மூடிக்கொண்டது. வழக்கமான நலம் விசாரிப்பு இல்லை. சட்டைப்பையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்துப் பிரித்தார்.

"ஏம்பா, கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

கண்ணாடியில் இருந்தவரும் குனிந்து வலது முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். மெக்கானிக் நிமிர்ந்து, தாளைக் கண்ணாடியில் அவர் நெஞ்சின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.