பால் இறக்கும் மருந்து

பம்பாயில், செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. எலிக்குட்டிகளை நிறுப்பது. சொன்னால் சிரிப்பார்கள், பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மாட்டுங்காவிலிருந்து குர்லாவில் வண்டி மாறி, இடிபட்டுப் போய் நான் அதைத்தான் செய்தேன். அறுபதுகளில் ஒரு பெண்ணுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிசு என்று வீட்டில் சொன்னார்கள். அவர்கள் யாரும் எலி நாற்றத்தோடு மாலை வண்டியில் நின்றுகொண்டு வந்ததில்லை.

தாய்க்குப் பாலை இறங்கச் செய்யும் ஹார்மோன் ஒன்று உடம்பிலேயே உண்டு. சில அமினோ அமிலங்களைக் கோத்த சின்னப் பெப்டைட். அதில் ஒன்றை மட்டும் மாற்றி எங்கள் வேதியியல்காரர்கள் புதிதாக ஒன்று செய்திருந்தார்கள். பெயர்கூடக் கிடையாது, நம்பர்தான். அதைத் தாய் எலிக்கு ஊசி போட்டு, குட்டிகளைக் குடிக்க விட்டு, குடிப்பதற்கு முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும். கனம் ஏறியிருந்தால் பால் இறங்கியது என்று அர்த்தம். நிறுத்து நிறுத்து, தராசு சொல்வதற்கு முன்பே என் கை சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அந்தக் கோடையில் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்தான். மார் கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்ததே தவிர, பால் இறங்கவில்லை. தானாக வரும், கவலைப்படாதே என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டாள். நான் வேலையிலிருந்து வந்ததும் அக்கா குழந்தையை என் கையில் கொடுத்து, "எவ்ளோ ஏறியிருக்கான், சொல்லு" என்பாள். ஒரு நாள் தூக்கியதுமே தெரிந்தது, குறைந்திருந்தான். "அப்படியேதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்னாலேயே வந்தாள்.

"உங்க லேப்ல பால் இறங்கறதுக்கு ஏதோ பண்றேளாமே. ஒரு ஊசி கொண்டுவாயேன்."

"அது இன்னும் மருந்தே இல்லை, அக்கா."

"எலிக்கு இறங்கறதோல்லியோ?"

இறங்கியது. குட்டிகள் கொழுகொழுவென்று இருந்தன. ஆனால் அந்த வாரம்தான், ஊசி போட்ட தாய் எலி ஒன்று காலையில் செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்த்தோம், காரணம் தெரியவில்லை. முதல் நாள் அந்த அறையில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. வெயில்தான் என்றார் எங்கள் மேலதிகாரி. இருக்கலாம். மருந்தாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார். அலுப்பில் எனக்கு அழுகையே வந்தது.

அக்காவிடம் செத்த எலியைப் பற்றியும் மேலதிகாரி சொன்னதையும் சொன்னேன். "வெயில்ல செத்துதுன்னு அவரே சொல்றாரே" என்றாள். அம்மா என்னைப் பார்க்காமல் சுவரிடம் பேசினாள்: "ஊருக்கெல்லாம் மருந்து பண்றாளாம். ஆத்துல இருக்கறவளுக்குக் கிடையாதாம்."

எனக்கு வந்ததே கோபம். "இவ செத்தா இவளையும் அறுத்துப் பாக்கணுமா?" என்று கத்திவிட்டேன். அதற்குப்பின் யாரும் கேட்கவில்லை.

பால் பவுடருக்கு அப்போது தட்டுப்பாடு. வேலை முடிந்து கடை கடையாக ஏறி இறங்கி டின் வாங்கி வந்தேன். அக்காவுக்கு மார் கட்டி, ஜுரம் கண்டு, பால் வற்றியே போயிற்று.

மழைக்காலம் முடியும்போது இரண்டாவது சோதனையும் முடிந்தது. ஒரு எலிகூடச் சாகவில்லை. முதலில் செத்ததும் வெயிலால்தான் என்று முடிவானது. அன்று வண்டியில் உட்கார இடம் கிடைத்தும் எனக்குச் சந்தோஷமில்லை.

அக்கா புகுந்த வீட்டுக்குக் கிளம்ப மூட்டை கட்டி வைத்திருந்தாள். அவளிடம் நான் மறைக்கவில்லை. பாட்டிலில் பவுடரைக் கலக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்போ நல்ல மருந்துதானா?"

"எலிக்கு ஒண்ணும் பண்ணலை."

"அடுத்த பிரசவத்துக்காவது கொடுப்பியா?"

சரி என்று ஒரு வார்த்தை போதும், பொய்யாகவாவது. என் வாயில் அது வரவில்லை.

"மனுஷாளுக்கு இன்னும் பாக்கலை, அக்கா."

வழக்கம்போல் குழந்தையை வாங்கக் கை நீட்டினேன். அவள் அவனை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டு, பாட்டிலை அவன் வாயில் வைத்தாள்.