ரப்பர் கூரையில் தேங்காய் எண்ணெய்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரி டோனா மூன்று நாளாகத் தன் வண்டியின் கூரைமேல் மண்டியிட்டு எதையோ சுரண்டிக்கொண்டிருந்தாள். எழுபது வயதிருக்கும். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் வண்டியென்றதும் கார் என்று நினைத்துவிட வேண்டாம். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பஸ் மாதிரியான ஒன்று. ஆர்.வி. என்கிறார்கள். வீட்டை விற்றாயிற்றாம். சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு இனி அந்த வண்டியிலேதான் குடியிருப்பாளாம். என் மகன் குமரன் இதைச் சொன்னபோது குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

"புள்ளைங்க இல்லையாடா?"

"ரெண்டு பேர் இருக்காங்கம்மா."

"அப்புறம் ஏன்டா வண்டியில?"

"அவங்களுக்குப் புடிச்சிருக்கு. நீ போய் எதையாவது கேட்டு வைக்காத."

நான் எங்கே கேட்பது? ஐந்தாவது வரை படித்தவள். அமெரிக்காவில் இந்த ரவுண்ட் ராக் ஊருக்கு மகனோடு இருக்க வந்து நாலு வருஷமாகிறது. யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

வியாழக்கிழமை காலை டோனா விரலெல்லாம் பிசுபிசுவென்று இறங்கி வந்தாள். அந்தக் கூரை ரப்பர் விரிப்பு. காற்று போகிற மூடியைச் சுற்றி மழை இறங்காமலிருக்க ஒரு பசை பூசியிருப்பார்கள். வெயிலில் அது வெடித்துப்போனால் சுரண்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு ஓரம் பத்தொன்பது வருஷம் பலாப்பழம் அறுத்து விற்றவள் நான். பலாப்பால் ஒட்டினால் எந்த சோப்புக்கும் மசியாது, எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து அவள் விரல்களைத் தேய்த்துவிட்டேன். பசை போயிற்று. "மேஜிக்!" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் கெடுத்தது. அவள் போன் பேச உள்ளே போனதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டேன். மருமகள் வித்யா ஜன்னலிலிருந்து, "அய்யோ அத்தை, ஸ்லிப் ஆயிடும், இறங்குங்க!" என்று அலறினாள். மிச்சமிருந்த பசை முழுக்க எண்ணெயை ஊற்றி ஊறவிட்டுத்தான் இறங்கினேன்.

சாயங்காலம் டோனா கூப்பிட்டாள். மேலே ஏறிப் பார்த்தால், ரப்பர் பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பாட்டிலைக் காட்டினேன்.

"ஓ, ஹனி..." என்றாள்.

ஹனி என்றால் தேன். அது எனக்குத் தெரியும். "நோ ஹனி. கோக்கனட்," என்றேன்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

குமரன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "எண்ணெய் பட்டா அந்த ரப்பர் ஊதிடும்மா. புதுப் பசையும் ஒட்டாது. ஞாயித்துக்கிழமை மழை வேற. உன்னை யாரும்மா செய்யச் சொன்னது?"

ஒருத்தி தனக்கென்று மிச்சம் வைத்திருந்த ஒரே கூரை.

"நம்ம வீட்டுல வந்து இருக்கச் சொல்லுடா."

"இங்க அப்படியெல்லாம் வரமாட்டாங்கம்மா."

"கேளேன்டா. கேட்டா வாய் வெந்தா போயிடும்?"

கேட்டான். வீட்டுக்குள் வரமாட்டேன், சரியாகிறவரை வண்டியை உங்கள் வாசலில் நிறுத்திக்கொள்கிறேன் என்றாளாம். வெள்ளிக்கிழமை அவன் லீவு போட்டான். இரண்டு பேருமாக எண்ணெயைக் கழுவி, உப்பின துண்டை வெட்டியெடுத்து, வேறு ரப்பர் வைத்து ஒட்டி, சுற்றிலும் புதுப் பசை பூசினார்கள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை சாவி கைமாறியது. வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. ஞாயிறு மத்தியானம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. டோனா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். உள்ளே போய் இரண்டு பேரும் அந்த ஒட்டுப்போட்ட இடத்தையே அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கழுத்து வலித்தது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

டோனா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு வண்டிச் சுவரைத் தட்டி, "மை ஹவுஸ்," என்றாள். என் பக்கம் திரும்பி, "யுவர் ஹவுஸ்?"

கண்ணாடிக்கு வெளியே குமரன் வீடு மழையில் நனைந்துகொண்டிருந்தது. பண்ருட்டி வீட்டை விற்றுவிட்டு வந்தவள்தான் நானும். இவள் விற்றதற்கு அத்தனை அதிர்ந்தேனே, அப்போது அது எனக்கு ஞாபகமே வரவில்லை. குமரன் வீட்டைக் காட்டத் தூக்கிய விரல் பாதியில் நின்றுவிட்டது. வாசற்கதவைத் திறந்து, "அத்தை, எங்க இருக்கீங்க?" என்று வித்யா கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். காதில் நன்றாக விழுந்தது. தூக்கிய விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒட்டுப்போட்ட இடத்தையே மறுபடி அண்ணாந்து பார்த்தேன்.