தேதியக்காவின் பதினேழு வாரங்கள்

மகள் ஊரைவிட்டுக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை காலையிலும் தேதியக்கா மூன்று தொலைபேசி அழைப்புகளையும் முடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தார். மகள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் அலுவலக வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். இவர் இடது கையால் ‘இரு’ என்று காட்டிவிட்டு ரிசீவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

“காலடித் தடத்துல தண்ணி ஊறுதா, நிக்குதா? ரெண்டும் வேற வேறம்மா. போய் ஒரு தடவ மிதிச்சுப் பாத்துட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்.”

எதிர்முனையில் இருந்த பெண் மிதித்துப் பார்த்துவிட்டு வர நான்கு நிமிடம் ஆயிற்று. அந்த நான்கு நிமிடமும் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ரிசீவர் கீழே இறங்கியது.

“எத்தன மணிக்கு?”

“ஒம்போதரைக்கு.”

“சாப்ட்டியா?”

“ம்.”

“மழைக்கு முன்னாடி போய்ச் சேந்துடு.”

மகள் சிரித்த மாதிரி இருந்தது. “இனிமே நீ வைக்கிற தேதியில நான் நடக்க மாட்டேம்மா. கோவம்லாம் இல்ல. கால் வர மாட்டேங்குது.”

சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போனாள். தேதியக்கா நோட்டில் அன்றைய வரியை முடித்து அடிக்கோடு போட்டார். அந்த அலுவலகத்தில் நான் சேர்ந்து அன்று நான்காவது நாள். சில வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்து, ஒரே ஒரு பருவத்துக்கு என்று தொலைபேசி எடுக்கும் வேலையில் உட்கார்ந்திருந்தேன். எங்கே பார்ப்பதென்று தெரியாமல், அடுக்கி வைத்த விண்ணப்பங்களைக் கலைத்து மறுபடியும் அடுக்கினேன்.

தேதியக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. காட்டுக்குள் ஆட்களைக் குழுவாக நடத்திக் கூட்டிப் போகும் சிறிய நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகத் தேதி வைக்கிறார். எந்த வாரம் எந்த வழி திறக்கும், எந்த வாரம் மூடும், எந்தக் குழு எங்கே தங்கும் என்பதெல்லாம் அவர் நோட்டிலிருந்துதான் வெளியே வரும். தேதியக்கா என்று பெயர் வைத்தவர்கள் வழிகாட்டிகள். முதலாளியும் அப்படியேதான் கூப்பிடுகிறார். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொன்னால் தேதியக்காவே ஒரு கணம் யாரென்று பார்ப்பார்.

கைப்பை தைக்கும் கடைக்கு மேல் மாடி. கீழே தையல் இயந்திரம் ஓடும்போது மேலே மேஜை லேசாக அதிரும். ஒரு மூலையில் காயாத பூட்ஸ்கள், இன்னொரு மூலையில் சுருட்டிய கயிறுகள், அறை முழுக்க நனைந்த தார்ப்பாயின் வாடை. மழைக்காலத்தில் மேட்டுப் பாறை வழியில் மட்டும் அரை நாள் நடை. கோடையில் ஓடைகளைத் தாண்டி நான்கு நாள் நடை. கோடையின் கடைசியில் ஊற்றுகள் வற்றிப்போகும். அப்போது வழியைச் சுருக்க வேண்டும். “ஆறு மாசம் தண்ணியப் பாத்து பயப்படணும், ஆறு மாசம் தண்ணியத் தேடி அலையணும். நமக்கு ரெண்டும் ஒரே வேலதான்” என்பார்.

வாடிக்கையாளர்களிடம் அவருக்குப் பொறுமை உண்டு, மரியாதை கொஞ்சம் குறைவு. ஒருமுறை ஓர் அம்மாள், மழையில் நனைந்துகொண்டே நடக்க ஆசை, ஆனால் அட்டைப்பூச்சி இல்லாத தேதியாகக் கொடுங்கள் என்று கேட்டார். தேதியக்கா குரலை மாற்றாமல், “அட்டைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேம்மா” என்று வைத்துவிட்டார்.

வியப்பு என்னவென்றால், அவர் அந்தக் காட்டைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது முதல் ஓடை வரை அவளோடு ஒருமுறை போனார். முட்டி வீங்கித் திரும்பினார். மகள் அன்று கிடைத்த காட்டை விடவேயில்லை, வளர்ந்து தலைமை வழிகாட்டியானாள். தாய்க்குக் காடு என்பது மூன்று குரல்கள். முதல் ஓடையருகே சோதனைச்சாவடியில் இருக்கும் காவலர், நடுவழிக் கொட்டகையில் சமைக்கும் பெண், மேலே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர். ஓடையின் நடுக்கல் தலை தெரிகிறதா, சேறு கணுக்கால் வரையா அதற்கு மேலா, எல்லாம் இந்த மூவர் சொல்லித்தான் தெரியும். இரண்டாம் ஓடையில் எந்தக் கல் வழுக்கும் என்று வழிகாட்டிகளே அவரிடம் கேட்டுக்கொள்வார்கள்.

மகள் கிளம்புவதற்கு ஐந்து வாரம் முன்பு, கோடையின் கடைசிக் குழு போயிற்று. பழைய நோட்டுகளின்படி மழைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஆனால் அன்று விடியும்போதே தூறியது. தூறினால் குழுவைச் சாவடியிலேயே நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. ஏழு மணிக்குக் காவலரைக் கூப்பிட்டார். இருபது வருடமாக ஒருவர் குரலை ஒருவர் அறிந்தவர்கள். இருவரும் வார்த்தைகளைச் சுருக்கித்தான் பேசுவார்கள்.

“விட்டாச்சா?” என்று கேட்டார்.

“விட்டாச்சுக்கா. அப்பவே விட்டாச்சு” என்றார் காவலர்.

இவர் கேட்டது மழையை. அவர் சொன்னது ஆட்களை. சின்னத் தூறல்தானே என்று ஆறரைக்கே குழுவை உள்ளே அனுப்பியிருந்தார் அவர்; மழை நிற்கவேயில்லை. தெரிந்திருந்தால் தேதியக்கா பின்னாலேயே ஆள் அனுப்பித் திரும்ப அழைத்திருப்பார். தேதியக்கா நோட்டில் ‘மழை இல்லை’ என்று எழுதி, அடுத்த எண்ணைச் சுழற்றினார்.

மதியம் இரண்டாம் ஓடை ஏறிவிட்டது. பதினொரு பேரும் கயிற்றைப் பிடித்து அக்கரை சேர்ந்தார்கள். குழுவில் கடைசியாக நடந்து வரும் வழிகாட்டியை ‘வால்’ என்பார்கள். வால் நடு ஓடையில் கால் தவறினார். அந்தக் குழுவை நடத்திப் போன மகள் கையில்தான் கயிற்றின் அக்கரை முனை இருந்தது. கொஞ்ச நேரம் கனமாக இருந்தது, பிறகு கனம் இல்லை. அவரைக் கண்டெடுக்க இரண்டு நாள் ஆனது.

விசாரணையில் தேதியக்கா எதையும் மறைக்கவில்லை. தான் கேட்டதையும் காவலர் சொன்னதையும் அப்படியே திருப்பிச் சொன்னார். அறிக்கையில் அது ‘தகவல் தெளிவின்மை’ என்று ஒரு வரியாக வந்தது. மற்றபடி எதிர்பாராத மழை. யாரும் அவரை வேலையிலிருந்து போகச் சொல்லவில்லை. வாலின் மனைவி ஒருநாள் வந்து, கணவரின் தொப்பியையும் பூட்ஸையும் வாங்கிக்கொண்டு, “நீங்க என்னக்கா பண்ணுவீங்க” என்று கேட்டுவிட்டுப் போனார்.

‘விட்டாச்சு’ என்ற சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டது. மழை நிற்கும், ஆட்கள் உள்ளே போவார்கள், பேருந்து தவறிப்போகும், எதுவும் ‘விடாது’. பிறர் சொல்வதையும் பொறுக்க மாட்டார். புதிதாகச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் கொட்டகையிலிருந்து கூப்பிட்டு, “விட்டுருச்சுக்கா” என்றார்.

“எது?”

“மழைக்கா.”

“மழை என்ன பண்ணுச்சு? முழுசாச் சொல்லு.”

“நின்னுடுச்சுக்கா.”

“ஆளுங்க?”

“ஷெட்டுல உக்காந்து டீ குடிக்கிறாங்க. நானும் குடிக்கிறேன். அதையும் எழுதிக்கிறீங்களா?”

எழுதிக்கொண்டார். உண்மையாகவே.

வழிகாட்டிகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஒருவர் தம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விட்டாச்சு, அழைத்துவரப் போகணும் என்று அனுமதி கேட்கப் போய், “முடிஞ்சாச்சுன்னு சொல்லு” என்று திட்டு வாங்கித் திரும்பினார். சிரிப்பு அதிக நேரம் நிற்காது. எல்லோரும் வாலோடு நடந்தவர்கள். முதலாளி மட்டும் ஆறுதலாக நினைத்துக்கொண்டு அடிக்கடி, “விடுங்கக்கா, விடுங்க” என்பார். தேதியக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சொல் போனதைவிட வாரங்கள் போனதுதான் பெரிது. முன்பெல்லாம் ஓடை தாண்டும் நடை இருபத்தாறு வாரம் இருந்தது. விபத்துக்கு அடுத்த கோடையில் இருபத்திரண்டு என்றார். அதற்கடுத்து பத்தொன்பது. தொடக்கத்தில் ஒரு வாரம், முடிவில் இரண்டு வாரம் என்று கத்தரித்துக்கொண்டே வருகிறார். வானம் வெளுத்துக் கிடக்கும், ஓடையில் கணுக்கால் நனையாது. நோட்டில் ‘மூடியது’ என்று இருக்கும். “இன்னும் ரெண்டு வருஷம் போனா நம்ம எல்லாரையும் இந்த மாடிப்படியில ஏத்தி இறக்கிக் கூட்டிட்டுப் போகச் சொல்வாங்க” என்றார் ஒரு வழிகாட்டி. அடுத்த மாதம் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவரோடு இன்னும் இருவர்.

மகள் தூர நாட்டில் ஒரு விடுதியின் வரவேற்பு மேஜையில் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். அப்பாவோடு அரை மணி நேரம், அம்மாவிடம் “நல்லாருக்கேன், நீ?” அதோடு சரி. மழையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், என்னிடம் சொன்னார்: “அவ நடக்குறதே இல்லையாம். அவங்கப்பா சொன்னாரு. ரூம்லேருந்து வேலைக்கு, வேலையிலேருந்து ரூமுக்கு. லிஃப்ட்ல போறாளாம்.” கொஞ்சம் பொறுத்து, “பத்து வயசுல என்னைய முந்திக்கிட்டு ஓடுனா. ஒரு தேதில கால முறிச்சுப் போட்டேன்” என்றார். டப்பாவை மூடிவிட்டார்.

என்னை அவர் ‘ஊர்சுத்தி’ என்பார். ஒவ்வொரு பருவம் முடியும்போதும், “நீ இன்னும் கெளம்பலையா?” என்று கேட்பார். நானும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லி மூன்றாவது பருவத்துக்கு வந்துவிட்டேன். காலையில் அந்த மூன்று அழைப்புகளைக் கேட்காமல் ஒரு நாள் தொடங்குவது எப்படி என்று எனக்கு மறந்துபோயிருந்தது.

சென்ற மாதம் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அடுத்த கோடைக்கான அட்டவணை அச்சுக்குப் போக வேண்டும்.

“எத்தன வாரம்க்கா?”

“பதினேழு.”

“போன தடவ பத்தொம்போது.”

“இந்தத் தடவ பதினேழு.”

“அக்கா, அந்த ரெண்டு வாரத்துல பத்து வருஷமா ஒரு சொட்டு விழல. உங்க நோட்டுலதான் இருக்கு. நானா சொல்றேன்?”

“விழலதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. பதினேழு.”

முதலாளி நல்ல மனிதர். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருடம் தேதியைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பதாகத் தரையைப் பார்த்தபடி சொன்னார். தேதியக்கா தலையாட்டினார். மறுப்பில்லை, வருத்தம்கூட இல்லை. எப்போதோ வர வேண்டியது வந்துவிட்டது போல ஓர் ஆட்டம். முதலாளி எழுந்து போன பிறகும் தலை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

மகள் போய் இரண்டு வருடம் நான்கு மாதம் கழித்து, அந்த வாரமே வெள்ளிக்கிழமை, பதினொரு மணி வாக்கில் அவர் கைபேசி முனகியது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“ஊர்சுத்தி, இத நீ படி. சத்தமா.”

படித்தேன். “இங்க ஒரு நடைக் கம்பெனியில சேந்திருக்கேன். இங்கயும் ஆறு மாசம் மழை, ஆறு மாசம் காயுது. பதினாலு பேரு, மூணு ஓடை. எட்டு வருஷ மழைக் கணக்கு கீழ அனுப்பிருக்கேன். முதல் நடைய எந்த வாரம் வைக்கலாம்? பாத்துச் சொல்லும்மா.”

“இன்னொரு தடவ.”

இன்னொரு தடவை படித்தேன். கீழே தையல் இயந்திரம் ஓடி நின்றது. அவர் எழுந்தார். எங்கள் காட்டின் வரைபடம் தொங்கும் சுவரருகே போய் நின்றார்.

“அவ இருக்குற பக்கம் நீ போயிருக்கல்ல?”

“போயிருக்கேன்க்கா.”

“எந்தத் திசை?”

“கிழக்க. ரொம்ப தூரம்.”

ஆட்காட்டி விரலை எங்கள் சாவடியின் மேல் வைத்தார். அங்கிருந்து கிழக்கே நகர்த்தினார். கடைசி மேடு வந்தது, வரைபடத்தின் ஓரம் வந்தது. விரல் நிற்காமல் சுவரில் இறங்கி, சுவிட்சுப் பலகையைத் தாண்டி, பொரிந்த சுண்ணாம்பில் தேய்ந்துகொண்டே போய் இரும்பு பீரோவில் முட்டியது.

“இங்கயா?”

“இன்னும் தள்ளிக்கா.”

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தோளைக் கொடுத்து, பீரோவைத் தள்ளத் தொடங்கினார்.