பலா மரத்தைத் தாண்டிய வண்டி

கிளட்ச் கருகுகிற வாடை வந்தால் எனக்கு ஆட்டுக்கறிக் குழம்பு ஞாபகம் வரும். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள் இப்படிச் சொன்னால் தலையில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்களே என்று யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் மருமகன் காரில் ஏற்காட்டுக்கு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவொன்றில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். சமவெளியில் நன்றாக ஓட்டுகிற பிள்ளைதான், மலையில் கிளட்சை மிதித்தே கொன்றுவிட்டார். பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

எண்பதுகளில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் எனக்கு முதல் வேலை. ஆஸ்பத்திரி என்று போர்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, அப்புறம் நான். ஜீப் கிளம்புகிற வாரங்களில் டாக்டர் வருவார். சேலத்தில் படித்தபோது ரத்தத்தைக் கண்டு பயப்படாதவள் என்று எனக்குப் பேர். முதல் வருஷம் கட்டை இழுப்பு நாளில் அந்தப் பேர் போய்விட்டது. நசுங்கிய கால்விரலோடு வந்தவனுக்குக் கட்டுப் போட உட்கார்ந்தவள், நகத்தைப் பார்த்ததும் அவன் மடியிலேயே சாய்ந்துவிட்டேன். அவன்தான் எனக்குத் தண்ணீர் தெளித்தானாம்.

கட்டை இழுப்பு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். காபிப் பழமெல்லாம் பறித்து முடிந்த பிறகு, சுற்றுவட்டார எஸ்டேட் டிராக்டர்களெல்லாம் எங்கள் ஊர்ச் சரிவில் வந்து நிற்கும். சில்வர் ஓக் மரங்களைச் சேர்த்து இரும்புப் பட்டை போட்டுப் பிணைத்த ஒரு பெரிய கட்டையைச் சங்கிலியால் டிராக்டரின் பின்னால் மாட்டுவார்கள். டிராக்டர் அதை மேட்டில் இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கட்டை தன்னைத் தாண்டும்போது ஒவ்வொருவனாக அதன்மேல் குதித்து ஏறுவான். போகப் போகப் பாரம் கூடும். டிராக்டர் உறுமி, முன் சக்கரம் ரெண்டும் தூக்கிக்கொண்டு, கிளட்ச் புகைந்து, எங்கேயாவது மூச்சடைத்து நிற்கும். அதிக தூரம் இழுத்தவனுக்கு எஸ்டேட்காரர்கள் ஒரு கிடா தருவார்கள். அதை அங்கேயே அறுத்து எல்லோருக்கும் குழம்பு வைப்பார்கள். என் மூக்கின் கோளாறுக்கு இதுதான் காரணம்.

சாது விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அறுந்த சங்கிலி ஒருவனுடைய முழங்காலைச் சீவியிருக்கிறது. குதிக்கும்போது வழுக்கிக் கட்டைக்கு அடியில் போன ஒருவனுக்கு விலா எலும்பு நொறுங்கியது. பல் போவதையெல்லாம் அடி என்றே யாரும் எண்ணுவதில்லை. ஆனால் அடிபட்டவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். தூக்கி வருகிறவனும் சிரிப்பான். "கொஞ்சம் சீக்கிரம் தைச்சுடுங்க நர்ஸம்மா, கறி தீந்துரும்" என்று ஒருவன் உதடு கிழிந்த வாயோடு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் எஸ்டேட்டுக்கு இரண்டு டிராக்டர். ஒன்றை ஓட்டியவர் ஸ்டீபன், சர்ச்சுக்குப் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருந்தவர், அளந்துதான் பேசுவார். மற்றதை ஓட்டியவர் மாதேசன், வெள்ளக்கடை கிராமத்துக்காரர், வாய் ஓயாது. பெரும்பாலும் கிடா இவர்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான். இரண்டு பேரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஸ்டீபன் வீட்டு கிறிஸ்துமஸ் பலகாரத்தை மாதேசன் வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் காலி செய்யும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காபி விலை விழுந்தது. வெளிநாட்டில் விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்றார்கள். எங்கேயோ முறிந்தது எங்கள் லைன் வீட்டு அடுப்புகளில் தெரிந்தது. முதலில் உரம் போடுவதை நிறுத்தினார்கள். பிறகு பெண்களுக்குப் பாதி நாள்தான் வேலை. பிறகு ஆள் குறைப்பு. ஒவ்வொரு எஸ்டேட்டாக டிராக்டரை விற்றார்கள். கட்டை இழுப்புக்கு டீசல் கிடையாது, கிடாவும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அது புண்களில் தெரிந்தது. மிளகு திருடப் போய் வாட்ச்மேனிடம் கை உடைந்தவன் வந்தான். அடுத்த வாரமே அந்த வாட்ச்மேன் மண்டை பிளந்து வந்தார். புருஷன் விறகுக் கட்டையால் அடித்துக் காது கிழிந்த பெண் வந்தாள். சாராயக் கடையில் கத்திக்குத்து. யார் செய்தது என்று கேட்டால், "உழுந்துட்டேனுங்க" என்பார்கள். மலையில் அத்தனை பேர் விழுந்துகொண்டே இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் மேனேஜர் இரண்டு டிராக்டரில் ஒன்றை விற்கப் போவதாகச் சொன்னார். ஒரு டிரைவருக்குத்தான் வேலை. யாரை வைத்துக்கொள்வது என்று கணக்கெழுதும் ரைட்டர் கேட்டதற்கு, கட்டை இழுக்க விடுங்கள், ஜெயித்தவன் இருக்கட்டும் என்றாராம். விளையாட்டாகச் சொன்னார் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். ஆனால் நாளும் குறித்து, டீசலும் கொடுத்தார்.

அதன் பிறகு லைனில் இரண்டு கட்சி. மாதேசன் வீட்டு ஓட்டின்மேல் கல் விழுந்தது. ஸ்டீபனின் டீசல் டேங்கில் யாரோ மண் போட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஸ்டீபனின் மனைவி ஆரோக்கியத்தை மாதேசனின் தங்கை குடத்தாலேயே அடித்தாள். புருவத்தில் நான் தையல் போட்டபோது ஆரோக்கியம் அழவில்லை. வலிக்கிறதா என்றேன். வேலை போனால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு டிரைவர்களும் சேர்ந்தே என்னிடம் வந்தார்கள். கைக்கொப்புளத்துக்கு மருந்து வேண்டும் என்றார்கள். வேறெங்கும் உட்கார்ந்து பேச முடியாமல்தான் வந்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. சரிவின் பாதியில் ஒற்றைப் பலா மரம் ஒன்று உண்டு.

"பலா மரத்தோட நிறுத்திக்கலாம் மச்சான்" என்றார் ஸ்டீபன். "நீயும் நானும் ஒரே எடத்துல. அப்புறம் மேனேஜர் என்ன வேணா பண்ணட்டும். நம்ம கையால நாம ஒருத்தன் சோத்துல ஒருத்தன் மண்ணப் போட்டுக்க வேண்டாம்."

எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் மாதேசன் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்டீபன் கையை நீட்ட, அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு கையிலும் நான் தடவிய மருந்து. எனக்குப் பெரிய நிம்மதி. அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் சரிவில் அத்தனை கூட்டம். வேலையிழந்தவர்கள் எல்லா எஸ்டேட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். பழைய கூச்சல் இல்லை, எல்லார் முகமும் இறுகியிருந்தது. பாதிப்பேர் கையில் தடி. நான் பஞ்சும் கட்டுத்துணியும் வைத்துக்கொண்டு பலா மரத்துக்கு அருகிலேயே நின்றேன்.

முதலில் ஸ்டீபன். ஆட்கள் ஒவ்வொருவராக ஏற ஏற வண்டி முனகியது. ஆனால் முன் சக்கரம் தூக்கவேயில்லை. மரத்துக்கு நேராக வந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி நின்றது. இன்னும் போயிருக்கலாம் என்று எனக்கே தெரிந்தது. கூட்டம் ஊளையிட்டது. ஜீப்பில் சாய்ந்து நின்ற மேனேஜர் சிரித்தார்.

அடுத்து மாதேசன். அதே கட்டை, அதே ஆட்கள். மரத்தருகே வந்ததும் அவர் தலை திரும்பியது. மரத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற ஸ்டீபனையும் பார்த்தார். வண்டி நிற்கவில்லை. முன் சக்கரம் இரண்டும் என் தலை உயரத்துக்கு எழும்பின. கருகிய புகை முகத்தில் அடித்தது. மரத்தைத் தாண்டிப் பத்தடி போய்த்தான் நின்றது.

மாதேசன் இறங்கவில்லை. வலது கையை மட்கார்டில் ஊன்றி, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். ஸ்டீபன் ஓடவில்லை, நடந்துதான் போனார். குனிந்து சங்கிலி மாட்டியிருந்த இரும்பு முளையை உருவினார். முழங்கை நீளம் இருக்கும். மட்கார்டின் மேலிருந்த அந்த மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. மாதேசன் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது போட்டியில்லை. தடியால் அடித்துக்கொண்டார்கள், கல்லால் அடித்துக்கொண்டார்கள், கட்டையிலிருந்து இரும்புப் பட்டையைப் பிய்த்து வீசினார்கள். முன்பு என்மேல் தண்ணீர் தெளித்தவன் ஒரு கிழவரை நெஞ்சில் மிதித்துக்கொண்டிருந்தான். ஜீப் கண்ணாடி உடைந்து, மேனேஜர் நெற்றியில் ரத்தத்தோடு காபிச் செடிகளுக்குள் ஓடினார். ஆரோக்கியம் கூட்டத்துக்குள் புகுந்து புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்து, எல்லார் முன்னாலும் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். அவர் கையிலிருந்து இரும்பு முளை கீழே விழும்வரை அறைந்தாள்.

அட்டையை மடித்து வைத்து மாதேசன் கையைக் கட்டினேன். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன்.

"நிறுத்தத்தானுங்க நெனச்சேன். முன்னால தூக்குச்சு பாருங்க… கால் எடுக்க வரலீங்க நர்ஸம்மா" என்றார்.

பிழைப்புப் போய்விடும் என்ற பயமா, ஜெயிக்கிற வெறியா, இல்லை வெறுமனே அந்த வண்டி எழும்பின சுகமா, எதைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

ஏற்காட்டிலிருந்து வந்த போலீஸ்காரர் கை எப்படி உடைந்தது என்று கேட்டார். ஸ்டீபன் வாசலில் நின்றிருந்தார். ஓடிப்போக அவர் முயலவேயில்லை. மாதேசன் அவரைப் பார்க்காமல், "டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சுங்க" என்றார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டேயிருந்தேன்.

அந்தச் சண்டையைச் சாக்காக வைத்து எஸ்டேட் இரண்டு டிராக்டரையும் விற்றுவிட்டது. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போடுகிறவர் ஒருவர் வாங்கினார். மலையிறக்கிக் கொடுக்க ஸ்டீபனுக்குக் கடைசியாக இரண்டு நாள் கூலி. முதல் நாள் தன் வண்டியைத் தனியாகக் கொண்டுபோனார். இரண்டாம் நாள் மாதேசனின் வண்டி ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது, மாவுக்கட்டுப் போட்ட கையோடு மாதேசன் நடுரோட்டில் போய் நின்றார். ஸ்டீபன் வண்டியை நிறுத்தினார். மாதேசன் ஒற்றைக் கையால் பிடித்து ஏறி மட்கார்டில் உட்கார்ந்துகொண்டார். வண்டி கிளம்பியது.

கீழே போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பேசவில்லையாம். வண்டியை ஒப்படைக்கும்போது மட்டும் ஸ்டீபன் சாவியை மாதேசன் கையில் கொடுத்து, நீயே கொடு என்பதுபோல் தள்ளி நின்றுகொண்டாராம். திரும்பி வரும்போது ஒரே பஸ், வேறு வேறு சீட். மருந்து வாங்க வந்த ஆரோக்கியம் சொன்னது இது.

ஸ்டீபன் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. மாதேசன் கோணல் மணிக்கட்டோடு ஏற்காடு ஏரிப்பக்கம் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்து, அங்கேயே இறந்தார். ஆஸ்பத்திரியை மூடியதும் நான் சேலத்துக்கு இறங்கிவிட்டேன். போன மாதம் போனபோது, அந்தச் சரிவைப் படிப்படியாக வெட்டிச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கண்ணாடி அறைகள் கட்டியிருந்தார்கள். பலா மரமும் இல்லை. நாகலூர்க் கடையில் டீ குடித்தபடி என் வயசுக்காரர்கள் சிலரிடம் கட்டை இழுப்பைப் பற்றிக் கேட்டேன். எல்லோருக்கும் நினைவிருந்தது. யார் யாரை எதால் அடித்தார்கள், எத்தனை மண்டை உடைந்தது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதற்கு முந்தின வருஷங்களில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.