கறிவேப்பிலைச் சாடிக்குள் போன மலை

என் சித்தி இன்று மேற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் படிப்பிக்கிறார். அந்தப் படிப்பு எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் சாடிக்குள் முடிந்துபோகப் பார்த்த கதை அவருடைய மாணவர்களுக்குத் தெரியாது. நடந்தபோது எனக்கு எட்டு வயது.

நாங்கள் ஒன்ராரியோ மாகாணத்தில், டோர்செட் பார்க் என்ற இடத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். சித்தி அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதல் என் அறையில்தான் படுத்தார். அந்த வருடம் அப்பா அவருக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். விட்பியில் சொந்த வீடு, நல்ல வேலை. சித்தியோ கோடை முழுக்க மேற்கே மலையில் நின்று தன் படிப்புக்கு மண் எடுக்கப் போவதாகச் சொன்னார்.

“கல்லுக்க என்ன மண், மண்ணுக்க என்ன படிப்பு?” என்று அப்பா கேட்டார்.

சித்தி மலைக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு நாலு பேருக்கு முன்னால் தலைகுனிவாகிவிட்டது. அதன்பின் இருவரும் பேசவில்லை. செப்டெம்பரில் சித்தி வெயிலில் கறுத்து, மெலிந்து திரும்பி வந்தபோதும் பேசவில்லை.

வரும்போது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தார். என் பள்ளிக்கூடப் பென்சில் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்குள் மலையின் மண், மேலிருந்து அடிப் பாறை வரைக்கும், அடுக்கடுக்காய் இருந்தபடியே வெட்டி எடுத்தது, ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது. மற்றவற்றையெல்லாம் சின்னப் பைகளில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியாயிற்று. குலையாமல் முழுசாக இருந்தது இது ஒன்றுதான். திங்களும் லீவான லோங் வீக்கெண்ட் என்று பல்கலைக்கழகம் பூட்டியிருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் மீனுக்குப் பக்கத்தில் வைக்க அம்மா விடவில்லை. பல்கனியில் நிழலாக ஒரு மூலையில் சித்தி அதை வைத்தார்.

அந்த மூலையில்தான் அப்பாவின் கறிவேப்பிலைச் செடியும் மண்சாடியில் நின்றது. குளிர் தொடங்குமுன் அதற்குச் சாடி மாற்றி உள்ளே எடுப்பது அவர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையைச் செய்தார். சித்தி வெளியே போயிருந்தார். பின்னேரம் வந்து பார்த்தபோது தகரப் பெட்டி கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

சித்தி கத்தவில்லை. சாடிக்கு முன்னால் குந்தியிருந்து ஒரு தேக்கரண்டியால் மேல் மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“மண்தானே, அப்பிடியே அள்ளிக் குடுக்கலாம்தானே?” என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

“மண்ணை அள்ளலாம் அக்கா. அடுக்கை அள்ள ஏலாது,” என்று சித்தியும் அம்மாவைப் பார்த்தே சொன்னார்.

அன்றைக்குச் சித்தி என் கட்டிலில் தன் உடுப்புகளை மடித்து வைக்கத் தொடங்கினார். வோபர்னில் ஒரு சிநேகிதியின் அறை இருக்கிறதாம், கிழமை முடிய அங்கே போய்விடுவாராம். குசினிக்குள் அடுப்படியில் அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது.

“வேணுமெண்டே செய்தனீங்களோ?”

“கறிவேப்பிலைக்கு நல்ல மண் எண்டு நினைச்சனப்பா. மலை மண் எண்டால் சத்தாயிருக்கும் எண்டு.”

அம்மா நம்பினாரோ தெரியாது. நான் நம்பினேன்.

மலையில் மண் எடுக்கச் சித்திக்குக் கிடைத்த அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் அங்கே பனி விழுந்துவிட்டால் அடுத்த கோடை வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது. இதை அம்மா அப்பாவுக்குச் சொன்னார். மூன்றாம் நாள் அப்பா வேலையில் லீவு எடுத்துக்கொண்டு வந்து, தன் வான் வண்டிக்கு எண்ணெய் மாற்றிவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

“சித்தியிட்டச் சொல்லு, விடிய மலைக்கு வெளிக்கிடுறம் எண்டு.”

என்னை ஏன் பள்ளிக்கூடம் மறித்துக் கூட்டிப் போனார்கள் என்பது போகப் போகத் தெரிந்தது. அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை; பேசாத இருவருக்கு நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டது. ஒன்ராரியோவைக் கடக்க எடுத்த இரண்டு நாளும் நான்தான் தபால்காரி. அப்பாவுக்குக் கோப்பி வேணுமாம் என்று சொன்னேன். சித்திக்குக் குளிருதாம் என்று சொன்னேன். சமவெளி தொடங்கியபோது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மலையில் வானை நிறுத்திவிட்டு ஏறினோம். கோடையில் சித்தி மண் எடுத்த இடத்தில் என் உயரத்துக்கு மேல் ஒரு மரமும் இல்லை. எல்லாம் காற்று போன பக்கம் சாய்ந்து நின்றன. சித்தி முழங்காலில் இருந்து, பாசியின் விளிம்பைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார். கம்பளத்தைத் தூக்குவதுபோல் அது எழும்பியது. அடியில் கறுப்பாய்க் கொஞ்சம், சாம்பல் நிறத்தில் கொஞ்சம், துருப்பிடித்த நிறத்தில் கொஞ்சம். உடனே பாறை வந்துவிட்டது. மரத்தின் வேர்கள் கீழே போக வழியில்லாமல் பாறைமேல் பக்கவாட்டில் பரந்து கிடந்தன.

அப்பா குனிந்து பார்த்தார். என்னைத் தேடாமல், நேராகவே கேட்டார்.

“இவ்வளவுதானோ மண்?”

“இவ்வளவுதான் அத்தான். இந்தக் குளிருக்க இலை கெதியா உக்கி மண்ணாகாது. கல்லும் கெதியா உடையாது. இவ்வளவு வாறதுக்கே ஆயிரக்கணக்கான வருசம். சத்தும் பெரிசா இல்லை.”

அப்பா தன் காலடியைப் பார்த்தார். பிறகு ஒரு காலைத் தூக்கிப் பக்கத்திலிருந்த பாறையில் வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். அதன்பின் அன்று முழுவதும் அவர் மண்ணில் மிதிக்கவில்லை. பெரிய வயிறும் வேலைச் சப்பாத்துமாக, கைகளை விரித்துக்கொண்டு, கல்லிலிருந்து கல்லுக்குத் தாவினார். ஒரு தடவை வழுக்கி, ஒற்றைக் காலில் நின்று தள்ளாடியபோது சித்தி சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார்.

சித்தி வெட்டிய மண்ணின் ஓரத்தில் அப்பா தகரப் பெட்டியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தார். பின்னால் சித்தி கத்தியால் மெல்ல மெல்ல அறுத்தார். நடுவில் பனித்தூறல் தொடங்கியது. அப்பா தன் ஜக்கெற்றைக் கழற்றிப் பெட்டிக்கு மேல் போட்டார். அவருடைய பின்கழுத்தில் பனி விழுந்து கரைந்து, சேட்டுக்குள் முதுகில் ஓடியது. பெட்டி நிறையும் வரை அவர் கையை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது பெட்டி பின் இருக்கையில், என் பக்கத்தில், பஞ்சு சுற்றி, பெல்ற் போட்டபடி இருந்தது. சித்தி முன் இருக்கையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டார். தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் சற்றே திறந்திருந்தது. அப்பா ஒரு கையால் ஜக்கெற்றை இழுத்து அவர்மேல் போர்த்தினார். பாட்டை நிறுத்தினார். மற்ற நாட்களில் அவர் ஓட்டும் வேகத்துக்கு அம்மா கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அன்றைக்கோ லொறிகள் எல்லாம் எங்களைக் கடந்து போயின.

“ஏனப்பா இவ்வளவு மெதுவா?” என்று கேட்டேன்.

“மெல்லக் கதை பிள்ளை,” என்றார், குரலைத் தாழ்த்தி. “மண் கலைஞ்சுபோகும்.”

பேச்சுச் சத்தத்தில் மண் எப்படிக் கலையும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மலைக்குப் போய் வந்ததில் அப்பாவும் மண்ணைப் பற்றி ஏதோ படித்துவிட்டார் என்று நினைத்து, பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, சமவெளி முடியும் வினிபெக் வரும்வரை வாய் திறக்காமல் இருந்தேன்.