கடித இயந்திரத்தின் பங்கு

எண்பதுகளின் கடைசியில் பதுளையில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சுற்றியிருந்த சில தேயிலைத் தோட்டங்களின் பதிவுகள் அங்கேதான் இருந்தன. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் பிறந்த மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று அப்பா வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

இருந்தது ஒரே கம்ப்யூட்டர். மூன்று பேர் மூன்று திரைகளில் அதையே பயன்படுத்தினார்கள். அந்த ஒன்றுக்குள்ளேயே மூன்று தனித்தனி இயந்திரங்கள் இருப்பதுபோல நடக்க வைக்கும் ஒரு மென்பொருள் அதில் இருந்தது. ஒன்று கொழுந்துக் கணக்குக்கு, ஒன்று ஆள் பதிவுக்கு, ஒன்று கடிதங்களுக்கு. கம்ப்யூட்டரின் வேகத்தில் எதற்கு எவ்வளவு பங்கு, பிரிண்டர் எதனிடம் இருக்க வேண்டும் என்று கட்டளைகளைத் தட்டி ஒதுக்குவது என் வேலை. பிரிண்டர் ஒரு நேரத்தில் ஒன்றிடம்தான் இருக்கும். கடித இயந்திரத்துக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்கு. அது பெரிய கிளாக்கரின் ஏற்பாடு.

ஒரு நாள் காலை என் தங்கை வந்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியை எடுக்கிறார்கள், பண்டாரவளையில் மத்தியானம் இரண்டு மணிக்கு நேர்முகம். தோட்டத்துப் பிள்ளைதான் என்பதற்கு எங்கள் அலுவலகக் கடிதம் வேண்டும். லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த அக்காவின் சேலையைக் கட்டியிருந்தாள்.

கடிதம் தயாராகிவிட்டது. பிரிண்டர்தான் கொழுந்துக் கணக்கிடம் இருந்தது. கொழும்புக்குப் போக வேண்டிய மாத அறிக்கை கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரமாகும்ணே? பன்னெண்டு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ் நிச்சயமில்ல."

"இந்தா, முடிஞ்சிரும். இரு."

அறிக்கையை நிறுத்தி, பிரிண்டரைக் கழற்றிக் கடித இயந்திரத்துக்குக் கொடுக்க இரண்டு வரிக் கட்டளை போதும். ஒரு பக்கம் அச்சானதும் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு அனுமதி தர வேண்டிய பெரிய கிளாக்கர் எதிர் மேசையில்தான் இருந்தார். போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. லயத்திலிருந்து வந்தவன் சொந்தக்காரிக்காக வேலையை நிறுத்துகிறான் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

அறிக்கை முடிந்தபோது மணி ஒன்று. கடிதத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். நாட்டில் கலவரமாக இருந்த அந்த நாட்களில் பஸ் ஓடினால்தான் உண்டு. அவள் போய்ச் சேர்ந்தபோது நேர்முகம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

அடுத்த வாரம் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் அவள் பெயரையும் கூப்பிட்டார்கள். கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். அப்பா அதன்பின் என் வேலையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். பல வருடம் கழித்து அப்பாவின் கருமாதிக்கு அவள் வந்திருந்தபோது, குழாய்த் தண்ணீர் விழும் பீலிக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம், அந்தக் காலையைப் பற்றி முதன்முறையாகப் பேசினேன். அறிக்கையை நிறுத்தக் கிளாக்கர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க அவர்கிட்ட கேக்கவே இல்லியேண்ணே. நான் பார்த்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கழுவிய பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.